முப்பதுக்குப் பத்தொன்பது

திபெரியோ லமான்னாவைப் பட்டாளத்துக்கு அனுப்பியது இத்தாலியக் குடியரசு என்று அவன் வீட்டில் இன்றும் நம்புகிறார்கள். குடியரசுக்கும் அதில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். தரகு வேலை பார்த்தது நான்.

என் பெயர் பியாஜோ லாஞ்ஜெல்லா. நேப்பிள்ஸில் சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. எங்கள் தெருவில் யாராவது முதலில் சொன்ன விலைக்கே துணி வாங்கிக்கொண்டு போனால் கடைக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்காது. இன்னும் ஏற்றிச் சொல்லியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தத் தெருவிலிருந்து சட்டம் படிக்கப் போனவனுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் நாளே பிடித்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. கொடுக்கிற மதிப்பெண்ணை அங்கே வேண்டாம் என்று சொல்லலாம்.

தேர்வு என்றால் எங்களுக்கு வாய்மொழிதான். பேராசிரியர் மேசைக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம், பின்னால் வகுப்பே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். முப்பதுக்கு மார்க். பதினெட்டு வந்தால் தேர்ச்சி. கேள்வியெல்லாம் முடிந்ததும் அவர் ஓர் எண்ணைச் சொல்வார். நீ தலையாட்டினால் உன் மார்க் புத்தகத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார், சாகும்வரை அழியாது. "அப்புறம் வர்றேன்" என்று எழுந்துவிட்டால் அந்தத் தேர்வே நடக்காத மாதிரி. உன் சம்மதம் இல்லாமல் உன்மேல் ஒரு எண்ணை யாரும் ஒட்ட முடியாது. இதைவிட நல்ல கடை உலகத்தில் எங்கே இருக்கிறது?

ஜூன் மாதம் அரசியலமைப்புச் சட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டது ஓர் உதவிப் பேராசிரியை. இருபத்துநான்கு என்றார். வேண்டாம் என்று எழுந்துவந்தேன். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொன்னார். "என் பையனுக்கு இருபத்துநாலு குடுத்தாங்கய்யா. தூக்கி மூஞ்சியில அடிச்சுட்டு வந்துட்டான்!" பித்தான் வியாபாரி ஜெலார்தோ கடையை விட்டு இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். இருபத்துநான்கோ அதற்குக் கீழேயோ வாங்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது.

நவம்பர் தேர்வில் உதவிப் பேராசிரியை இல்லை. பேராசிரியர் மால்வெத்ஸியே உட்காரப்போகிறார் என்றார்கள். அவர் எப்படிப்பட்ட ஆள், எழுந்துபோகிறவனைக் கூப்பிட்டு இன்னொரு கேள்வி கேட்டு ஏற்றிக் கொடுப்பாரா, அல்லது போனால் போ என்று விடுகிற ஜாதியா, யாருக்கும் தெரியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்பதை நான் கடையில் படித்திருக்கிறேன். பிராத்தோவிலிருந்து ஆலைக்காரன் கம்பளித் துணியோடு வந்து தங்கினால் அப்பா நேரே போகமாட்டார். எதிர்க்கடை ஆளை முதலில் அனுப்புவார். அந்த ஆள் விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, வாசல்வரை நடப்பான். ஆலைக்காரன் திரும்பக் கூப்பிட்டால் விலையில் இடம் இருக்கிறது என்று அர்த்தம். கூப்பிடாவிட்டால் அதுதான் விலை. அப்பா தூண் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

தேர்வுக்கு எங்களை அழைப்பது அகரவரிசையில். லமான்னா, அடுத்து லாஞ்ஜெல்லா.

திபெரியோ, அவெல்லினோவுக்கு அப்பால் மலைமேல் இருக்கிற ஏதோ ஓர் ஊர்க்காரன். நானும் தங்கியிருந்த என் அத்தை வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வா என்றாலும் இன்னொரு தடவை தட்டுகிற ரகம். எதிரே ஆள் உட்கார்ந்தால் படித்ததெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஜூனில் ரோமானியச் சட்டத்தில் தோற்றான். செப்டம்பரில் சிவில் சட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பி வந்தான். ஆக வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவன் மார்க் புத்தகம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

அதில்தான் ஆபத்து. படிக்கிறவனுக்குப் பட்டாளம் தள்ளிவைக்கப்படும். ஆனால் படிக்கிறேன் என்று சொன்னால் போதாது, வருஷத்துக்குள் ஒரு தேர்விலாவது தேறிக் காட்டவேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு ரோஸ் நிற அட்டை வரும், பன்னிரண்டு மாதம் எல்லைப் பக்கம் ஏதாவது ஒரு முகாமில். மற்ற பையன்களுக்கு அது தலைவலி. திபெரியோவுக்கு மரணபயம். அவன் அண்ணன் ரோக்கோ ஃப்ரியூலி முகாமுக்குப் போய்விட்டு இடது காது கேட்காமல் திரும்பி வந்தவன். புதுசாக வருகிறவர்களை மூத்த சிப்பாய்கள் பதப்படுத்துவார்கள். அந்த மூத்தவர்களுக்கு அங்கே 'தாத்தா' என்று பேர், வயது இருபதுதான். ரோக்கோவை எந்தத் தாத்தா எதால் அடித்தான் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"எனக்குப் பதினெட்டு போதும்டா பியாஜோ," என்று திபெரியோ ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்வான். "பதினெட்டு குடுத்தாருன்னா அவரு கையில முத்தம் குடுத்துட்டு வந்துருவேன்."

எனக்குப் பகீரென்றது. முன்னால் போகிறவன் சொன்ன விலைக்கு வாங்கி, கையையும் முத்தமிட்டுவிட்டு வந்தால் எனக்கு என்ன தெரியவரும்?

தேர்வுக்கு நாலு நாள் முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். 'அரசியலமைப்புச் சட்டம், கூடுதல் அமர்வு, டிசம்பர் 18.' பெரிய எழுத்து. கீழே, இரண்டாவது தாளில், சின்ன எழுத்தில், இந்த அமர்வு படிப்புக்காலம் கடந்தும் பட்டம் வாங்காத பழைய மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. இரண்டாவது தாளுக்கு மேலே யாரோ வாடகை அறை விளம்பரத்தைக் குத்தியிருந்தார்கள். நான் விளம்பரத்தைத் தூக்கிப் பார்த்துப் படித்தேன். துணியைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற பழக்கம். பிறகு விளம்பரத்தை இருந்தபடியே விட்டுவிட்டேன்.

மறுநாள் திபெரியோ ஓடிவந்தான். "டேய், பதினெட்டாம் தேதி இன்னொன்னு இருக்குடா! இதுல போனாலும் அதுல பாத்துக்கலாம்!"

"பாத்தேன் பாத்தேன்," என்றேன்.

அன்று மாலை அவனைக் கல்லூரிக்கு எதிரே இருந்த காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனேன். அவன் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டான்.

"நீ என்னவா ஆகணும்னு இருக்க?" என்றேன்.

"அப்பா நோட்டரின்னு சொல்லிட்டிருக்காரு."

"நோட்டரி! அரசியலமைப்புல பதினெட்டு வாங்கின நோட்டரிகிட்ட எவன்டா சொத்து எழுத வருவான்? அந்த நம்பர் உன் புத்தகத்துல மச்சம் மாதிரி உக்காந்துக்கும். கழுவினாலும் போகாது."

"எனக்கு ஒரு தேர்வு ஆகணும்டா. ரோஸ் அட்டை வந்துரும்."

"உனக்குத்தான் டிசம்பர் இருக்கே. ரெண்டு தேதி கையில வச்சிக்கிட்டு முதல் விலைக்கு வாங்குவியா? எங்கப்பா கேட்டா உன்ன கடைப் படி ஏற விடமாட்டாரு."

அவன் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நான் குரலை இறக்கினேன்.

"இங்க பாரு. மால்வெத்ஸி சும்மா ஆழம் பாக்கிற ஆளு. பத்தொன்பதுன்னு சொல்லுவாரு. நீ எந்திரிச்சன்னு வை, 'உக்காருப்பா, இன்னொரு கேள்வி'ம்பாரு. இருபத்திமூணு ஆயிரும். ஜூன்ல ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஆச்சு."

ஜூனில் மால்வெத்ஸி ஊரிலேயே இல்லை.

"கூப்பிடலன்னா?"

"கூப்பிடலன்னா டிசம்பர். உனக்கு என்ன நட்டம்?"

அவன் காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்தான். "நீ முன்னாடி உக்காந்திரு," என்றான். "எனக்கு அந்த நேரத்துல மூளை வேலை செய்யாது. உன்ன பாப்பேன். நீ சொல்லு."

நம்பிக்கை என்றால் இப்படி இருக்கவேண்டும். வாடிக்கையாளன் பணப்பையையே கல்லாவில் வைத்துவிட்டு நீயே எடுத்துக்கொள் என்கிறான்.

தேர்வன்று முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மால்வெத்ஸி ஒல்லியான, சுத்தமான மனிதர். சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் வைத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கத்துகிறவனோடு பேரம் பேசலாம்.

"லமான்னா. உங்களுக்குப் பிடிச்ச தலைப்புலேருந்து ஆரம்பிங்க."

திபெரியோ அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பற்றித் தொடங்கினான். பதினைந்து நீதிபதிகள், அதில் ஐந்து பேர் யாரால், ஐந்து பேர் யாரால். வார்த்தை ஒவ்வொன்றும் படியில் தடுக்கித் தடுக்கி இறங்கியது, ஆனால் இறங்கியது. பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நவம்பர்ல வர்ற பையன்கள் எல்லார்கிட்டயும் நான் ஒரு கேள்வி கேக்கிறது உண்டு," என்றார் திரும்பி. "அம்பத்திரண்டாவது பிரிவு."

பின்னால் சிரிப்பு கிளம்பியது. ஐம்பத்திரண்டு பட்டாளப் பிரிவு, நவம்பரில் வருகிறவர்களில் பாதிப் பேர் ரோஸ் அட்டைக்குப் பயந்து வருகிறவர்கள்.

"தாய்நாட்டைப் பாதுகாக்கிறது குடிமகனோட பு... புனிதக் கடமை," என்றான் திபெரியோ.

"சரி. புனிதக் கடமைக்குப் போறவனுக்கு அரசியலமைப்பு எதைப் பாதுகாத்துக் குடுக்குது?"

"அவன் வேலை போகக்கூடாது. அரசியல் உரிமை போகக்கூடாது."

"படிப்பு?"

திபெரியோ விழித்தான். "படிப்பப் பத்தி... ஒண்ணும் சொல்லல, ப்ரொஃபசர்."

"ஒண்ணும் சொல்லல. கரெக்ட். அதை உங்களவிட நல்லா யாருக்குத் தெரியும்?" மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். "மூணாவது பத்தி?"

மூன்றாவது பத்தி வரவில்லை. அவன் கைக்குட்டையைப் பிழிந்தான், மேசையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பேராசிரியர் அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிஷம் முழுசாக, நூற்றிருபது பேர் பார்க்க, அவனைத் தேடவிட்டார். பிறகு தானே சொன்னார்: "ஆயுதப் படைகளோட அமைப்பு குடியரசின் ஜனநாயக உணர்வை ஒட்டி இருக்கும். சின்ன வாக்கியம். பத்தொன்பது. எழுதட்டுமா?"

பேனா திறந்தபடி அவர் கையில் இருந்தது. மார்க் புத்தகம் விரித்தபடி அவர் முன்னால் இருந்தது. திபெரியோ திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் சம்மதம் எழுதியிருந்தது. ஒரே ஒரு தலையாட்டலுக்காகக் காத்திருந்தான்.

நான் மோவாயை மேலே தூக்கினேன். எங்கள் தெருவில் ஒரு கடையிலிருந்து எதிர்க்கடைக்கு, வேண்டாம், விட்டுவிடு, என்று அப்படித்தான் சொல்வோம்.

"இல்ல ப்ரொஃபசர்," என்றான் திபெரியோ. "நான்... அப்புறம் வர்றேன்." எழுந்தான். இரண்டடி வைத்தான். மூன்றாவது அடியை மெதுவாக வைத்தான், கூப்பிடுவதற்கு நேரம் கொடுக்கிற மாதிரி.

மால்வெத்ஸி பேனாவை மூடினார். "உங்க உரிமை," என்றார். புத்தகத்தை மேசை விளிம்புக்குத் தள்ளினார். "லாஞ்ஜெல்லா."

ஆக அதுதான் விலை. தெரிந்துகொண்டேன்.

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. எனக்கு நன்றாகத்தான் போயிற்று. நாடாளுமன்றம் கலைப்பு, அவசரச் சட்டம், எல்லாவற்றையும் கடகடவென்று அளந்து போட்டேன். முடிந்ததும் அவர் சிகரெட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "முன்னால வந்த பையன் உங்களப் பாத்தானே. என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல, ப்ரொஃபசர்."

"வாயத் திறக்கலதான். நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்." புன்னகை செய்தார். "நல்ல வக்கீலா வருவீங்க. இருபத்தியேழு."

"எழுதுங்க," என்றேன், அவர் வாக்கியம் முடிவதற்குள்.

வெளியே திபெரியோ தூணருகே நின்றிருந்தான். "கூப்பிடலடா," என்றான். "பரவால்ல. பதினெட்டாம் தேதிக்கு அந்த மூணாவது பத்திய நெஞ்சுல குத்தி வச்சுக்கறேன். உனக்கு எவ்வளவு?" சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நிஜமான சந்தோஷம். தெருவில் அப்பா அன்று எல்லோருக்கும் பேஸ்ட்ரி வாங்கிக் கொடுத்தார், திபெரியோவுக்கு இரண்டு.

டிசம்பர் பதினெட்டாம் தேதி அவன் டை கட்டிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், ஒரு முடிவு வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

வகுப்பறைக்கு வெளியே வழுக்கை விழுந்தவர்கள், குழந்தையோடு வந்தவர்கள், ஒருவர் ரயில்வே சீருடையில். வாசலில் பியூன் ஜெஸுவால்தோ பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரே, உங்களுக்கு என்ன வேணும்?" எங்கள் ஊரில் பியூன்கள் எல்லா மாணவனையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், கிண்டலுக்கு.

"தேர்வுக்கு. லமான்னா."

"எத்தனாவது வருஷம்?"

"ரெண்டாவது."

ஜெஸுவால்தோ பட்டியலை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டாவது வருஷமா! இது பழுத்து அழுகினவங்க கியூ டாக்டரே. நீங்க இன்னும் பிஞ்சு. போய் ஒரு பத்து வருஷம் இங்கயே கிடந்து அழுகிட்டு வாங்க, முதல் ஆளா உக்கார வைக்கிறேன்." ரயில்வேக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மால்வெத்ஸி வராந்தாவில் வந்தார். திபெரியோ அவர் முன்னால் போய் நின்றான். ரோஸ் அட்டை, அண்ணன், காது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடப் பார்த்தான். எதுவும் ஒழுங்காக வெளியே வரவில்லை. பேராசிரியர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அறிவிப்பு ஒரு மாசமா அங்க தொங்குது. சட்டம் படிக்கிறவர் ரெண்டாவது தாளப் படிக்கலன்னா நான் என்ன செய்ய? நான் பத்தொன்பது குடுத்தேன்."

"இப்ப... அந்தப் பத்தொன்பத இப்பப் போட்டுக் குடுத்துடுங்க ப்ரொஃபசர்."

"எந்தப் பத்தொன்பது? நீங்க எந்திரிச்சுப் போன நிமிஷத்துலேருந்து அந்தத் தேர்வே நடக்கல." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திபெரியோ அறிவிப்புப் பலகைக்குப் போனான். வாடகை அறை விளம்பரம் இப்போது இல்லை. இரண்டாவது தாளை விரல் வைத்துப் படித்தான். முடித்ததும் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

"நீ கேக்கல," என்றேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஒன்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் டையைத் தளர்த்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான்: "நான் பத்தொன்பத வாங்கியிருந்தா உனக்கு எவ்வளவு போட்டிருப்பாரு?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். "அதே இருபத்தியேழுதான்," என்றேன்.

"ஆங்," என்றான்.

ஜனவரி கடைசியில் ரோஸ் அட்டை வந்தது. ஃப்ரியூலி. அண்ணன் இருந்த அதே முகாம் இல்லை, பக்கத்து முகாம். போவதற்கு முந்தைய நாள் என் அத்தையிடம் விடைபெற்றான். என் அறைக் கதவை இரண்டு தடவை தட்டினான். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

அங்கே நடந்ததைக் கோடையில் கடையில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன். ஜெலார்தோவின் மருமகன் அதே முகாமில் சமையல்கட்டில் இருந்தான். விடுப்பில் வந்தவன் துணி மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னான், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது அவனுக்கு. தாத்தாக்கள் புதுப் பையனை இரும்பு அலமாரிக்குள் நிறுத்திப் பூட்டுவார்கள். கதவில் இருக்கும் பிளவு வழியாக ஒரு நாணயம் போடுவார்கள். உள்ளே இருக்கிறவன் ஒரு பாட்டுப் பாடவேண்டும், பாட்டுப் பெட்டி மாதிரி. பாடாவிட்டால் அலமாரியைத் தரையில் கவிழ்ப்பார்கள்.

"உங்க லமான்னாவுக்குப் பாட்டு வரல. 'நீ என்னடா படிச்ச?'ன்னு கேட்டாங்க. சட்டம்னான். 'அப்ப சட்டம் சொல்லு.' நூறு லீரா போட்டா ஒரு பிரிவு! முதல் மாசம் திக்கித் திக்கி. அலமாரிய நாலு தடவ கவுத்ததுக்கப்புறம் ஒரு எழுத்து தப்பாது. ஞாயித்துக்கிழமைல பக்கத்துக் கட்டடத்துலேருந்துகூட வந்து காசு போடுவாங்க!"

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வியாபாரம்!" என்றார்.

அடுத்த பிப்ரவரியில் திபெரியோ திரும்பி வந்தான். தலை ஒட்ட வெட்டியிருந்தது. காது இரண்டும் நன்றாகக் கேட்டன. வந்த மூன்றாவது வாரம் அரசியலமைப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தான். நானும் பார்க்கப் போனேன். மால்வெத்ஸி ஒரு பிரிவைச் சொன்னால் அவன் ஒரு வார்த்தைகூடத் திக்காமல், கண்ணை எதிர்ச்சுவரில் வைத்து, கடைசிக் காற்புள்ளிவரை ஒப்பித்தான். எட்டு, பத்து பிரிவு கேட்டிருப்பார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷமா பாடம் நடத்தறேன். எங்க படிச்சீங்க இப்படி?"

"ராணுவத்துல, ப்ரொஃபசர்."

"பாத்தீங்களா!" என்றார் வகுப்பைப் பார்த்து. "ஒழுங்கு வந்ததும் எப்படி ஆயிட்டாரு!" முப்பதும், அதற்குமேல் சிறப்புப் பாராட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எதிரே காப்பிக்கடைக்கு ஏழெட்டுப் பேர் போனோம். திபெரியோ கவுன்டரில் சாய்ந்து, அவன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னதையும் அவர் ஊர் முழுக்கச் சொல்லப் போனதையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னோடுகூடச் சகஜமாகத்தான் பேசினான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஜெலார்தோவின் மருமகன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. வியாபாரத்தில் யார்தான் கூட்டிச் சொல்வதில்லை? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இருந்தது. சட்டைப்பையிலிருந்து நூறு லீரா நாணயம் ஒன்றை எடுத்து, கை தவறின மாதிரி, தகரம் பதித்த கவுன்டரில் விழவிட்டேன்.

திபெரியோவின் பேச்சு பாதியில் நின்றது. கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. கண் எதிரே இருந்த பாட்டில்களில் நிலைத்தது. "பிரிவு ஒன்று. இத்தாலி, உழைப்பை அடித்தளமாகக் கொண்ட ஜனநாயகக் குடியரசு," என்றான், தெளிவாக, உரக்க.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வாங்கினவன் கேலி செய்கிறான் என்று நினைத்தார்கள். பாரி நகரத்திலிருந்து வந்து படிக்கிற ஒரு பையன் ஆசையாக இன்னொரு நாணயத்தைத் தட்டினான். பிரிவு இரண்டு. ஒரு பெண் கைப்பையைத் துழாவிப் போட்டாள். பிரிவு மூன்று, எல்லாக் குடிமக்களுக்கும் சமமான சமூக கௌரவம் உண்டு. காசு விழுகிற சத்தமும் அவன் குரலும் மாறி மாறி வந்தன. கடைக்காரர் காப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். திபெரியோவின் கழுத்திலிருந்து வியர்வை சட்டைக் காலருக்குள் இறங்கியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன், பக்கத்தில் நின்றதால்.

பதின்மூன்றாவது பிரிவில், சுதந்திரம் பறிக்கப்பட்டவர்கள்மேல் உடலாலோ மனதாலோ செய்யப்படும் எந்த வன்முறையும் தண்டிக்கப்படும் என்று சொல்லி முடித்து நின்றான். கைகள் இன்னும் தொடையோடு ஒட்டியிருந்தன. எல்லோரிடமும் சில்லறை தீர்ந்துவிட்டது.

"அவ்ளோதானா? இன்னும் போடுங்கப்பா!" என்றாள் அந்தப் பெண்.

அவன் தோளில் கை வைத்து, போதும், வா போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் கடைக்காரரிடம் ஐந்நூறு லீரா நாணயத்தை நீட்டிச் சில்லறை கேட்டேன்.